உல்கான் வீட்டில் மஃபின் சுட்ட வியாழக்கிழமை

பொய் சொல்ல வராதவளாகப் பார்த்துத் தேடிப் பிடித்து, அவள் தலையில் பொய்யைக் கட்டுவதில் எங்கள் நாரின் ஊர்ப் பெரியவர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அந்த வியாழக்கிழமை அவர்கள் கண்ணில் பட்டவள் சபீரா.

விடிந்தும் விடியாததுமாக இசாக் அண்ணனிடமிருந்து போன் வந்தது. இசாக், உல்கானின் இறந்துபோன கணவனின் அண்ணன். சபீராவுக்கு அவர் உறவில்லை. ஆனால் உல்கானுக்கு யார் உறவோ அவர்கள் எல்லாம் நாற்பது வருடமாக அவளுக்கும் உறவுதான்.

"சபீரா, நின்னுக்கிட்டிருக்கியா? முதல்ல உக்காரு."

"உக்காந்துட்டேன் அண்ணே. என்ன ஆச்சு?"

"நம்ம எல்நூரா போயிட்டாம்மா. மாஸ்கோவுல. நேத்து சாயங்காலம் வேலை முடிஞ்சு வரும்போது, பனியில கார் சறுக்கி..." பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, குடும்பத்துப் பெரியவராக மாறி, மீதியைச் சொன்னார். "அத்-பாஷியிலேருந்து சொந்தக்காரங்க வந்து சேர மூணு மணி ஆயிடும். எல்லாருமாப் போய்த்தான் சொல்லணும். அதுவரைக்கும் உல்கான் காதுல ஒரு வார்த்தை விழக் கூடாது. நீயும் டோக்டோவும் போய்க் கூட இருங்க. அவ போனை எப்படியாவது வாங்கி வச்சிருங்க."

"நானா? என்னால முடியாது அண்ணே."

"நீ அவளுக்கு ஒண்ணாங்கிளாஸ்லேருந்து சிநேகிதி. உன்னை விட்டா வேற யாரு இருக்கா?"

எங்கள் வழக்கம் அது. பெற்றவளிடம் பிள்ளையின் சாவைப் போனில் சொல்ல மாட்டோம். ஒற்றை ஆளாகப் போயும் சொல்ல மாட்டோம். பெரியவர்கள் கூட்டமாகப் போய், உட்கார்ந்து, நாலு கால் உள்ள குதிரைக்கும் கால் இடறும் என்று எங்கிருந்தோ தொடங்கி, சுற்றி வளைத்து மெல்ல விஷயத்துக்கு வருவார்கள். அவர்கள் வரும்வரை நெருங்கிய பெண்கள் இரண்டு பேர் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு கூட இருப்பார்கள். நான்கு வருடத்துக்கு முன் எங்கள் ஊர் பர்மேத்தின் மகன் ஆற்றோடு போனபோது, அவளோடு உட்கார்ந்து மதியம்வரை அரிசியில் கல் பொறுக்கியவர்கள் சபீரா, டோக்டோ, உல்கான் மூன்று பேரும்தான். அன்று முகம் கொஞ்சமும் மாறாமல் ஊர்க்கதை பேசி, பர்மேத்தை ஒரு தடவை சிரிக்கக்கூட வைத்தவள் உல்கான். வெளியே வந்த பிறகு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தவளும் அவள்தான்.

போனை வைத்த சபீராவுக்கு அழுகை வரவில்லை. அழுகையை முந்திக்கொண்டு பயம் வந்துவிட்டது. எல்நூராவை மாஸ்கோவுக்கு அனுப்பு என்று சொன்னவளே அவள்தானே!

"ஒத்தப் பொண்ணுடி. புருஷனும் போயிட்டாரு. இவளையும் அனுப்பிட்டு நான் சுவத்தோட பேசிக்கிட்டு இருக்கவா?" என்று இரண்டு வருடத்துக்கு முன் உல்கான் அழுதாள். "அப்ப மடியிலேயே கட்டி வச்சுக்கோ. உன்னை மாதிரியே அவளும் மழலைப் பள்ளியில படுக்கைத் துணி துவைச்சுக்கிட்டுக் கிடக்கட்டும். என் அக்கா மக அங்கதானே இருக்கா, பாத்துக்க மாட்டாளா?" என்று ஒரு வாரம் விடாமல் ஓதினாள் சபீரா. அவள் ஓதாமல் இருந்திருந்தால் அந்தப் பெண் போயிருக்க மாட்டாள். இனி உல்கான் என் முகத்தில் விழிப்பாளா? இந்த ஒரு கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது. பிள்ளை போய்ச் சேர்ந்திருக்கிறது, நான் எனக்காகப் பயப்படுகிறேனே என்று அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டாள்.

என்ன செய்வதென்று தெரியாமல் கை தானாகவே அடுப்பில் எண்ணெயை வைத்தது. வியாழக்கிழமை எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். எண்ணெயைக் காயவைத்து, நாலு மாவுத் துண்டைப் பொரித்து, அந்த வாசனை போய்ச் சேரட்டும் என்று இறந்தவர்களின் பேரை ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். அவர்களுக்கு வாசனைதான் சாப்பாடு. சபீராவும் தன் வரிசையைச் சொன்னாள். அப்பாவுக்குச் சேரட்டும், அம்மாவுக்குச் சேரட்டும், சின்னத் தம்பிக்குச் சேரட்டும், உல்கான் புருஷன் தாலாய்க்குச் சேரட்டும். வழக்கமாக அங்கே முடிந்துவிடும். அன்று கொஞ்சம் தயங்கி, முதல் தடவையாக, எல்நூராவுக்குச் சேரட்டும் என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை பீறிட்டது.

தெருமுனையில் டோக்டோ காத்திருந்தாள். டோக்டோ பள்ளிக்கூடச் சமையல்காரி. இருநூறு பிள்ளைகளுக்குக் கஞ்சி கிண்டுகிற கை, இருநூறு பிள்ளைகளையும் அடக்குகிற வாய்.

"மூஞ்சி என்னடி இப்படி வீங்கிக் கிடக்கு? கேட்டா பல்வலின்னு சொல்லு."

"எதுக்கு வந்தீங்கன்னு கேட்டா?"

"எதையாவது உளறு. ஆனா சட்டுன்னு உளறு. நீ யோசிச்சா மாட்டிக்குவோம்."

சொன்ன மாதிரியே உல்கான் கதவைத் திறந்ததும் கேட்டாள். "வேலை நாள்ல ரெண்டு பேரும் ஜோடி போட்டுக்கிட்டு எங்க கிளம்பிட்டீங்க? கடையை யாருகிட்ட விட்ட சபீரா?" சந்தையில் சபீராவுக்கு ஒரு நூல், பொத்தான் கடை இருந்தது. உல்கானுக்குத்தான் அந்த வாரம் விடுமுறை. சளிக்காய்ச்சல் பரவியதால் மழலைப் பள்ளியை மூடியிருந்தார்கள்.

சபீராவின் கண் ஓடியது. கண்ணாடி அலமாரியில், கல்யாணக் கோப்பைகளுக்கு நடுவே, ஆறு குழி வைத்த, சூடு தாங்கும் சிவப்பு ரப்பர் அச்சு தெரிந்தது. மாஸ்கோவில் ஒரு காப்பிக்கடையில் எல்நூரா சுடுகிற மஃபின் என்கிற குட்டிக் கேக்குக்கான அச்சு. ஒரு வருடத்துக்கு முன் ஊருக்கு வந்த யாரிடமோ கொடுத்து அனுப்பியிருந்தாள். அதை உல்கான் இதுவரை அடுப்படிக்கே கொண்டுபோனதில்லை. கோப்பைகளோடு கோப்பையாகத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தாள்.

"மஃபின் சுட வந்தோம்," என்றாள் சபீரா.

டோக்டோ அவளைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். சொன்ன பிறகு பின்வாங்கவா முடியும்?

"சனிக்கிழமை ஷெரினே உன் வீட்டுலதானே? மஃபின் போடுறேன்னு எட்டுப் பேர் முன்னாடி சவால் விட்டியே. ஒருத்திக்காவது சுடத் தெரியுமா? இன்னைக்கே ஒருதரம் சுட்டுப் பாத்துட்டா மானம் தப்பும்," என்று தொடர்ந்தாள் சபீரா.

மாதம் ஒருத்தி வீட்டில் கூடித் தின்று சிரிக்கிற அந்த ஷெரினே இனி இந்த வீட்டில் எப்போது நடக்குமோ! ஆனால் உல்கானின் முகம் மலர்ந்துவிட்டது.

"நானும் காலையிலேருந்து இதைத்தான்டி நெனச்சுக்கிட்டு இருந்தேன்! நவ்ரூஸ் பண்டிகைக்கு எல்நூரா வரா இல்ல? வந்த உடனே அவ அடுப்பைப் பிடிக்கிறதுக்குள்ள, நான் சுட்டு முன்னாடி வச்சு அவளை அசத்தணும்."

டோக்டோ தன் கோட்டை ஆணியில் மாட்ட வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். திரும்பியபோது சிரித்த முகமாக இருந்தாள். "உன் போனைக் குடு. என் மகனுக்கு ஒரு வார்த்தை சொல்லணும். என்னோடது செத்து..." நாக்கைக் கடித்தாள். "என்னோடதுல சார்ஜ் இல்ல." வாங்கிக்கொண்டு வாசல்பக்கம் போனவள், அதை அணைத்து, அங்கே கழற்றி வைத்திருந்த தன் கம்பளிப் பூட்ஸுக்குள் போட்டுவிட்டு வந்தாள்.

டீயும் ஊர்க்கதையுமாக மதியம்வரை தள்ளிவிட்டு ஓவனைத் திறந்தார்கள். நாரினில் எந்த வீட்டு ஓவனைத் திறந்தாலும் என்ன இருக்குமோ அதுதான் இருந்தது: வாணலிகள். ஏழு வாணலி, இரண்டு மூடி, காது உடைந்த ஒரு பானை, உல்கான் மூன்று வருடமாகத் தேடிக்கொண்டிருந்த இறைச்சிக் கத்தி.

"பக்கத்து வீட்டுக்காரி எடுத்துட்டான்னு ஊரெல்லாம் சொன்னியேடி!" என்றாள் டோக்டோ.

"சொல்லல. சந்தேகப்பட்டேன்."

"அவளோட மூணு வருஷமா பேசாம இருந்தியே, அதுக்குப் பேரு சந்தேகமா?"

உல்கான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கூடச் சிரிக்க வேண்டியதாயிற்று. சிரிப்பு என்று நினைத்துத்தான் சபீரா வாயைத் திறந்தாள். வேறெதுவோ வரப் பார்த்தது. சட்டென்று குனிந்து வாணலிகளை அடுக்கினாள். ஓவன் குமிழில் எண்கள் தேய்ந்து போயிருந்தன. டோக்டோ அதைக் குத்துமதிப்பாகத் திருகினாள். முப்பது வருடத்துப் பழைய கொழுப்பு உள்ளே உருகி அடுப்படியே நாறியது. சன்னலைத் திறந்தால் வெளியே மைனஸ் இருபது டிகிரி குளிர்.

"சரி, எத்தனை முட்டை?" என்றாள் டோக்டோ.

"எல்நூரா எல்லாத்தையும் பேசி அனுப்பியிருக்கா. போன்ல இருக்கு. எங்க என் போன்?"

இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

"கேட்டுத்தான் ஆகணுமா? முட்டை, மாவு, சர்க்கரை, வேற என்ன பெரிய ரகசியம்?" என்றாள் சபீரா.

"அதெல்லாம் எனக்கு மனப்பாடம்டி. நூறு தரம் கேட்டிருக்கேன். அவ சொல்லச் சொல்லச் செய்யணும்னு ஆசை. கூட நிக்கிற மாதிரி இருக்கும்."

சபீரா வாசலுக்குப் போய்ப் பூட்ஸுக்குள் கையை விட்டாள். போனுக்கு உயிர் கொடுத்த மறுநொடி அது துடிக்கத் தொடங்கியது. எடுக்காத அழைப்புகள் பதினேழு. திரையில் பாதி தெரிந்த ஒரு வரி: "அக்கா, மனசைத் தேத்திக்கோங்க..." விமானப் படம் போட்ட பொத்தானை அழுத்தினாள். மேலே வந்த எல்லாவற்றையும் தள்ளி அழித்தாள். ஒரு தாய்க்கு வந்ததை அவளுக்குத் தெரியாமல் அழிக்கிறேனே, என் கை விளங்குமா என்று நினைத்துக்கொண்டே அழித்தாள்.

"நெட்டு இல்ல போலிருக்கு. இந்தக் குரல் மட்டும் வருது," என்று போனை மேசையில் வைத்தாள்.

எல்நூரா பேசினாள்.

"அம்மா, கேக்குதா? முட்டை மூணு, சர்க்கரை ஒரு கோப்பை. வெண்ணெயை உருக்கிக்கோ. மாவு போட்டப்புறம் பத்து சுத்துதான், பதினொண்ணு கூடாது. கட்டியா இருந்தா இருக்கட்டும். நீ பாட்டுக்கு ரொட்டி மாவு மாதிரி அடிச்சுப் பிசையாதே. குழியில முக்காவாசி ஊத்து. உள்ள வச்சு இருபது நிமிஷம் ஓவனைத் திறக்காதே, திறந்தா அமுங்கிடும். எட்டிப் பாக்காதம்மா. உன்னை எனக்குத் தெரியும், நீ எட்டிப் பாப்ப." பின்னால் கோப்பைகள் மோதின. யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "தோ வரேன்! அம்மா, வைக்கிறேன். இல்லேன்னா ஒண்ணு பண்ணு, நீ எதுவும் செய்யாத. நான் வந்து சுட்டுத் தரேன். நீ சும்மா உக்காந்து சாப்பிடு."

"இவளுக்கு என்ன திமிரு பாத்தியா? நான் எட்டிப் பாப்பேனாம்," என்று உல்கான் பெருமை தாங்காமல் சொன்னாள். "இரு, இன்னொரு தரம் போடு."

இன்னொரு தரம் போட்டார்கள். டோக்டோ முட்டையை உடைத்தபோது ஓடு முழுவதும் உள்ளே விழுந்தது. இருநூறு பேருக்குச் சமைக்கிறவள், ஒவ்வொரு ஓடாக விரலால் பொறுக்கிக்கொண்டு தலை நிமிராமல் நின்றாள்.

வீட்டில் வெண்ணெய் இல்லை. மலையிலிருந்து வந்த மஞ்சள் நெய் இருந்தது. நெய்யென்ன, வெண்ணெயென்ன, பசு ஒன்றுதானே என்று உருக்கி ஊற்றினார்கள். உல்கான் கிளறினாள், மற்ற இருவரும் எண்ணினார்கள். பத்தில் நிறுத்திவிட்டுப் பதினொன்றாவது சுற்றுக்குத் துடித்த தன் கையைத் தானே அடித்துக்கொண்டாள். பிறகு, மீந்த சர்க்கரையில் ஒரு சிட்டிகை எடுத்து, "வாயைத் திற," என்றாள் சபீராவிடம்.

"எதுக்குடி?"

"திறன்னா திற. உன் வாய்க்குச் சர்க்கரை போடணும்னு எத்தனை நாளா நெனச்சிருக்கேன். அன்னைக்கு நீ மட்டும் சொல்லலேன்னா நான் அவளை அனுப்பியிருக்கவே மாட்டேன். இங்கேயே கிடந்து என்னை மாதிரிக் கை வெடிச்சுப் போயிருப்பா. இப்ப பாரு, ஒரு தொழிலு கைவசம். அடுத்த வருஷம் இங்கேயே கடை போடுறேங்கிறா. எல்லாம் உன் வாய் முகூர்த்தம்."

சர்க்கரை நாக்கில் விழுந்தது. சபீராவால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அது கரைந்து போகும்வரை வாயை மூடிக்கொண்டே நின்றாள். "பல்வலி," என்று டோக்டோ அவளுக்காகச் சொன்னாள். "இனிப்பு பட்டா சுள்ளுங்கும்."

அச்சை உள்ளே வைத்தார்கள். ஆறு குழிதான், பாதி மாவு கிண்ணத்தில் மீந்தது. ஓவன் மந்தமாக வேலை செய்தது. இருபது நிமிடம் என்றது அரை மணியாகி, முக்கால் மணியை நோக்கிப் போயிற்று. எட்டிப் பார்க்கக் கூடாது என்ற தடை இருந்ததால் உல்கான் ஓவன் பக்கமே திரும்பாமல், பிடிவாதமாகச் சன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடப் பாவமே," என்றாள் திடீரென்று.

தெருமுனையில் ஒரு லாரி நின்றிருந்தது. அதில் கம்பளிக் கூடாரத்தின் சிவப்புக் கழிகளும் சுருட்டிய கம்பளிகளும் ஏற்றியிருந்தன. பிப்ரவரி மாதத்துப் பனியில் யார் கல்யாணத்துக்குக் கூடாரம் போடப் போகிறார்கள்? இது வேறு கூடாரம். லாரிக்குப் பக்கத்தில் நின்ற ஆட்கள் இந்தப் பக்கம் பார்க்காமல் சிகரெட் பிடித்தார்கள்.

"யாரு வீட்டுலயோ சாவு. நம்ம தெருதான் போலிருக்கு. யாருடி படுத்த படுக்கையா இருந்தது? மேல்வீட்டுக் கிழவரா? நேத்துகூட நடந்து போனாரே." உல்கான் உச்சுக்கொட்டினாள். "எந்த மகராசி தலையில இன்னைக்கு இடி விழப் போகுதோ. மஃபின் நல்லா வந்தா, நாளைக்குப் போகும்போது அவங்களுக்கும் ரெண்டு எடுத்துக்கிட்டுப் போகலாம்."

"வெந்திருக்கும், திறந்து பாரேன்," என்றாள் சபீரா. அவளைச் சன்னலிலிருந்து நகர்த்த வேறு வழி தெரியவில்லை.

உல்கான் சட்டைக் கையை இழுத்து விரல்களை மூடிக்கொண்டு ஓவனைத் திறந்தாள். சூடு மூன்று பேர் முகத்திலும் அடித்தது. ஆறு மஃபினும் தலை பொன்னிறமாகி எழும்பி நின்றன.

"அமுங்கல! பாருங்கடி, ஒண்ணுகூட அமுங்கல!"

நெய் வாசனை அடுப்படி முழுவதும் நிறைந்தது. வியாழக்கிழமை, மதியம், சுட்ட நெய்யும் மாவும். முப்பது வருடத்துப் பழக்கம் சபீராவின் கையில் ஏறியது, வாயில் ஏறியது. உள்ளங்கைகள் தாமாக விரிந்தன. "சேரட்டும், அப்பாவுக்குச் சேரட்டும், அம்மாவுக்குச் சேரட்டும், சின்னத் தம்பிக்குச் சேரட்டும், தாலாய்க்குச் சேரட்டும்..."

"ஆமா, தாலாய்க்குச் சேரட்டும்," என்று உல்கானும் கூடவே சொன்னாள்.

"...எல்நூராவுக்குச் சேரட்டும்."

சொல்லி முடித்த பிறகுதான் அது சபீராவின் காதிலேயே விழுந்தது.

சூடான அச்சைப் பிடித்தபடி உல்கான் அப்படியே நின்றாள். சட்டைக் கை கருகும் வாசனை வந்தது. டோக்டோ பாய்ந்து அச்சை வாங்கி மேசையில் வைத்தாள். "இவ ஒருத்தி! காலையிலேருந்து பல்வலி மாத்திரையை முழுங்கிட்டு என்ன பேசுறோம்னே தெரியாம... உசிரோட இருக்கிற பிள்ளைக்குப் போய்..." அதற்கு மேல் அவளால் முடியவில்லை. உசிரோட என்ற சொல்லிலேயே குரல் உடைந்துவிட்டது.

உல்கான் டோக்டோவைப் பார்த்தாள். மேசையிலிருந்த போனைப் பார்த்தாள். அதன் மேல்மூலையில் இருந்த சின்ன விமானத்தைப் பார்த்தாள். பிறகு சன்னலைப் பார்த்தாள். லாரி அதே இடத்தில் நின்றிருந்தது.

"எத்தனை மணிக்கு வராங்க?" என்று கேட்டாள்.

"மூணு மணிக்கு," என்றாள் டோக்டோ, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு.

"பர்மேத்துக்கு அரிசி. எனக்கு மஃபினா?"

"உல்கான், நான்..." என்று சபீரா ஒரு அடி எடுத்து வைத்தாள்.

"பேசாதே. வாயை மூடு." அவள் கத்தவில்லை. "இன்னும் எனக்கு யாரும் எதுவும் சொல்லல. சொல்ற வரைக்கும் என் பொண்ணு மாஸ்கோவுல இருக்கா. மணி ரெண்டரைதான் ஆகுது." கிண்ணத்தைப் பார்த்தாள். "மாவு மிச்சம் இருக்கு. ஊத்துங்க."

ஊற்றினார்கள். முக்கால்வாசிக்கு மேல் போகாமல் உல்கானே அளந்து ஊற்றினாள். ஓவனை மூடிவிட்டு, அதற்கு எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சபீராவைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அன்பாகப் பிடித்த பிடியா, ஓடிவிடாமல் பிடித்த பிடியா, சபீராவுக்குத் தெரியவில்லை. வலித்தது. வலிக்கட்டும் என்று இருந்தாள்.

"எட்டிப் பாக்க மாட்டேன்," என்றாள் உல்கான் ஓவனிடம். "நான் எட்டிப் பாப்பேன்னு நெனச்சா. பாக்க மாட்டேன்."

மூன்று அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது பனியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. ஒருவர் இருவர் இல்லை, பத்துப் பதினைந்து பேர். கதவைத் திறந்து முதலில் வந்தவர் இசாக். வழி நெடுக மனத்துக்குள் அடுக்கிக்கொண்டு வந்த பேச்சை அவர் முகத்திலேயே பார்க்க முடிந்தது.

"உல்கான், ஒண்ணு சொல்லணும்மா. நாலு கால் உள்ள குதிரைக்கும்..."

"பெரியத்தான், குளிர்ல வந்திருக்கீங்க, உக்காருங்க. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு. இப்பத் திறந்தா அமுங்கிடும்."

பெரியவர் சபீராவைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கே அவள் பாதி செத்தாள். வந்தவர்கள் யாரும் உட்காரவில்லை. அடுப்படி வாசலில் ஒருவர் பின் ஒருவராக, கண்ணீர் மூக்கில் வழிய, ஒரு பழைய ஓவன் முன்னால் காத்து நின்றார்கள். எங்கள் ஊரில் எத்தனையோ சாவு பார்த்திருக்கிறோம். இப்படி ஒரு நிற்பை யாரும் நின்றதில்லை.

நேரம் ஆனதும் உல்கான் எழுந்து திறந்தாள். இரண்டாம் தடவையும் ஒன்றுகூட அமுங்கவில்லை. பன்னிரண்டையும் தட்டில் அடுக்கிப் பெரியவர்கள் முன் நீட்டினாள். "எடுத்துக்கோங்க. என் பொண்ணு சொல்லிக் குடுத்தது." நீட்டிய சாப்பாட்டை வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் எங்களுக்கு இல்லை. ஆளுக்கொரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்கள். இசாக் மென்றுகொண்டே அழுதார்.

"இப்ப சொல்லலாம்," என்றாள் உல்கான். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். அவள் தலையை ஆட்டி மறுத்து, சபீராவின் மணிக்கட்டை மறுபடியும் பிடித்தாள். "நீங்க வேண்டாம் பெரியத்தான். சபீரா சொல்லட்டும்."

"அது வழக்கமில்லையேம்மா."

"அன்னைக்கு இவ அனுப்புன்னா. நம்பி அனுப்பினேன். வேற யாரு வந்து சொன்னாலும் இதை நான் நம்ப மாட்டேன்."

குதிரை, கால், இடறல் எதுவும் சபீராவுக்கு வாயில் வரவில்லை. உல்கான் போட்ட சர்க்கரை இன்னும் நாக்கில் இருப்பது போல இருந்தது.

"எல்நூரா செத்துப்போயிட்டா உல்கான்," என்றாள்.

அப்போதுதான் உல்கான் அவள் மணிக்கட்டை விட்டாள். அந்த வீட்டிலிருந்து எழுந்த சத்தத்தைக் கேட்டு, தெருமுனையில் நின்ற லாரி தானாகவே புறப்பட்டு வந்தது.

பொழுது சாய்வதற்குள் முற்றத்தில் கூடாரம் எழும்பிவிட்டது. உள்ளே வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, உல்கான் ஒப்பாரி வைத்தாள். வந்த பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கட்டிக்கொண்டு அழுதார்கள். சபீரா கடைசியில், கம்பளி ஓரத்தில் குந்தியிருந்தாள். ஒப்பாரியில் யாரையும் விடமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். குற்றம் உள்ளவன் பேர் அதில் வந்தே தீரும். பர்மேத் தன் ஒப்பாரியில் ஆற்றையும் படகுக்காரனையும் ஊர்த் தலைவரையும் பேர் சொல்லிக் கிழித்தாளே! தன் பேர் எப்போது வரும் என்று சபீரா காத்திருந்தாள். வரட்டும். வந்துவிட்டால் ஒரேயடியாக அழுது தீர்த்துக்கொண்டு காலில் விழலாம்.

உல்கான் பாதையை வைதாள். பனியை வைதாள். பேர் தெரியாத அந்தக் காரோட்டியை வைதாள். தாலாய், நீ முன்னால் போய் மகளைக் கூப்பிட்டுக்கொண்டாயா என்று இறந்த கணவனை வைதாள். பிறகு குரல் இறங்கியது.

"பையைக் கட்டிக் கொடுத்த கை என் கையடி,
போய் வா என்று சொன்ன வாய் என் வாயடி,
வழியனுப்பி நின்றவள் நானடி, கண்ணே,
வேறு யாரை நான் குறை சொல்வேன்?"

சபீரா வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தாள். விளக்கேற்றிய பிறகும் காத்திருந்தாள். அவள் பேர் வரவே இல்லை. ஐயோ, என்னைத் திட்டடி, ஒரு வார்த்தை திட்டு என்று உள்ளுக்குள் கதறினாள். உல்கான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டோக்டோ வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கைக்குட்டையில் மடித்து வைத்திருந்த மஃபினைச் சபீராவின் மடியில் வைத்தாள். "ஒண்ணுதான் மிச்சம். காலையிலேருந்து நீ எதுவும் சாப்பிடல. அவ பேரைச் சொல்லிச் சாப்பிடு."

சபீரா சாப்பிட்டாள். ஆறிப் போயிருந்தாலும் மெத்தென்று இருந்தது. இனிப்பும் சரி, வேக்காடும் சரி. முதல் தடவை சுட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நெய் போட்டும் இவ்வளவு நன்றாக வந்தது என்று எல்நூராவுக்கு ஒரு வரி எழுதிப் போட வேண்டும் என்று நினைத்து, போனை எடுக்கக் கோட்டுப் பைக்குள் கையை விட்டாள்.